முறிய மறுத்த மணிக்கட்டு

நெல்வயற்கோட்டையை ஆண்ட திருமேனிராயருக்கு ஒரே மகன். பெயர் பூவண்ணன், வயது இருபது. அந்தப் பிள்ளை தரையில் நடந்து பார்த்தவர்கள் ஊரில் ரொம்பக் குறைவு. விடிந்தால் நெய்ப்பொங்கல், நடுவில் அதிரசம், எங்கே போனாலும் பல்லக்கு. எல்லாம் அரண்மனை வைத்தியர் மருதவாணரின் ஏற்பாடு. கொழுப்புதான் எலும்புக்குக் காவல், உடம்பு பருக்கப் பருக்க எலும்பு இரும்பாகும் என்பார் அவர். ராஜாவும் பூரித்துப்போவார். பெற்ற மனசு, பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் வேறென்ன வேண்டும்?

ஒருநாள் கோயில் வாசலில் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். இளவரசர் எழுந்து ஒரு காலை வெளியே வைத்தார். பட்டு உத்தரீயம் தடுக்கியது. ஒரு முழ உயரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

வைத்தியர் உடனே பழி போட ஆள் தேடினார். தை மாதம் ஊஞ்சலிலிருந்து இறங்கும்போது இளவரசருக்குக் கணுக்கால் முறிந்தது. அப்போது ஊஞ்சல் சங்கிலிமேல் பழியைப் போட்டுத் தப்பித்தார். இந்தத் தடவை பல்லக்குத் தூக்கிகள் நால்வர் அகப்பட்டார்கள். இத்தனை உரமேறிய உடம்பு ஒரு முழத்தில் விழுந்து முறியாது, இவர்கள்தான் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று சாதித்தார். துணிதான் தடுக்கியது என்று இளவரசர் முனகினார். வலியில் பிதற்றுகிறார் என்று சொல்லி வைத்தியர் அவர் வாயில் ஓர் அதிரசத்தைத் திணித்துவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என் மகன் எப்படி விழுந்தானோ அப்படியே இந்த நால்வரும் விழ வேண்டும். அவனுக்கு முறிந்த எலும்பு இவர்களுக்கும் முறிய வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பல்லக்குத் தூக்கிக்குக் கை போனால் பிழைப்பே போச்சு. மூத்தவன் முக்காண்டி வீட்டில் அவனை நம்பி ஐந்து வயிறு. நின்ற இடத்திலேயே அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது சபையின் விகடகவி ஆவுடையப்பர் எழுந்து, தண்டனையை ஓர் எழுத்துப் பிசகாமல் தானே நிறைவேற்றுவதாகச் சொன்னார். இந்த மனிதருமா இப்படி என்று முக்காண்டி திகைத்துப்போனான்.

மறுநாள் காலை, அதே கோயில் வாசல். ராஜாவும் இளவரசரும் வைத்தியரும் வந்திருந்தார்கள். அதே பல்லக்கு, அதே உத்தரீயம். ஆவுடையப்பர் முக்காண்டியைப் பல்லக்கில் ஏற்றி, இளவரசர் சொன்னபடியே துணியைக் காலில் சுற்றி, இறங்கச் சொன்னார். அவன் தடுக்கி விழுந்தான். எழுந்தான். கையைத் தட்டிக்கொண்டு, உத்தரீயத்தை மடித்து அடுத்தவனிடம் கொடுத்தான். அடுத்தவனும் விழுந்தான். அவனுக்கும் ஒன்றுமில்லை.

நான்கு பேரும் ஆளுக்கு ஐந்து தடவை விழுந்தாயிற்று. வாசலில் சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னொருவாட்டி விழட்டுங்களா சாமி?" என்றான் முக்காண்டி. அவனுக்கு இப்போது விஷயம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

உலக்கையால் அடித்தால் முறியும் என்று வைத்தியர் பொறுக்கமாட்டாமல் யோசனை சொன்னார். இளவரசரை யாராவது உலக்கையால் அடித்தார்களா என்று ஆவுடையப்பர் கேட்டார். இல்லை என்று ராஜாவே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்படியானால் தண்டனை எப்போதுதான் நிறைவேறும்?" என்றார் ராஜா.

"இருபது வருஷம் பிடிக்கும் மகாராஜா. கேழ்வரகுக் களியும் மீன் குழம்பும் தின்று, வெயிலில் பாரம் சுமந்து நடந்து, இவர்கள் எலும்பு கெட்டியாகிவிட்டது. அதைக் கரைக்க வேண்டும். நாளைக்கே இவர்களுக்கும் நெய்ப்பொங்கல், அதிரசம், மெத்தை. கால் தரையில் படவே கூடாது. பிறகு ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும்."

"இருபது வருஷமும் இவர்களை யார் சுமப்பது?"

"நல்ல பலமான எலும்பு உள்ளவர்தான் சுமக்க வேண்டும். வைத்தியர் கணக்குப்படி, நாட்டிலேயே அப்படிப்பட்ட எலும்பு ஒருவருக்குத்தான் இருக்கிறது" என்று சொல்லி, ஆவுடையப்பர் இளவரசரைக் கைகாட்டினார். "கட்டு அவிழ்ந்ததும் பல்லக்கின் முன்பக்கத் தண்டை அவர் தோளில் வைத்துவிடலாம்."

இன்னொரு எலும்பு முறிந்தால் பழி போட இனி ஆள் கிடையாது என்று வைத்தியருக்கு உறைத்தது. பதறிப்போய் ராஜாவின் காலில் விழுந்தார்.

"வேண்டாம் மகாராஜா, வேண்டாம். இளவரசர் எலும்பு தாங்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

ராஜா முதலில் மகனைப் பார்த்தார். இருபது வயதுப் பிள்ளை, கையில் கட்டோடு, நிற்க முடியாமல் தூணில் சாய்ந்திருந்தான். ராஜாவுக்குக் கண் கலங்கியது. பிறகு காலடியில் கிடந்த வைத்தியரைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே நால்வரையும் விடுவித்து, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டார்.

மறுநாள் முதல் இளவரசருக்கு நடக்கக் கற்றுத்தரும் உத்தியோகம் முக்காண்டிக்கு. மிச்சமிருந்த அதிரசத்தை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுத்தபடியே அவர்கள் பின்னால் நடக்கிற உத்தியோகம் மருதவாணருக்கு. பத்தே நாளில் வைத்தியரின் எலும்பும் உறுதியாகிவிட்டதாம்.