இரண்டாவது சிம்

காலையிலிருந்து ஆவுடையம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையற்கட்டுக்கும் மொட்டைமாடிக்குமாக நாலு தடவை ஏறி இறங்கிவிட்டாள்.

அந்த ஆசிரமம் மலையடிவாரத்தில், ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. கீழே செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட எடுக்காது. பேச வேண்டுமென்றால் மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை.

குரு மெய்யம்மைதான் அதற்கு ஒரு வழி செய்தார். இங்கே வருவதற்கு முன் டெலிபோன் வேலை பார்த்தவர். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேட்வே பெட்டியை வைத்து, அதற்குள் இரண்டு சிம் போட்டார். வெளியிலிருந்து செல்போனில் யார் கூப்பிட்டாலும் பெட்டி அதை மேலே பிடித்து, இன்டர்நெட் போனாக மாற்றி, ஒயர் வழியாகக் கீழே அனுப்பும். முதல் சிம்முக்கு வந்தால் ஆபீசில் மணி அடிக்கும். இரண்டாவதற்கு வந்தால் சமையற்கட்டில்.

எல்லாருக்கும் சௌகரியம். ஆவுடையம்மாளுக்கு மட்டும் தலைவலி.

நாற்பது பேருக்குச் சமைக்கிறவள் அவள். இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்த தங்கச்சி கோமதி, போன வாரம்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் பாதியில் வைத்துவிட்டாள்.

"யக்கா, நான் சொல்லுதது எனக்கே திரும்பக் கேக்கு. நீ பக்கத்துல நின்னு பழிப்புக் காட்டுத மாதிரி இருக்கு. நாளைக்கு மூணு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுதேன். அப்பவும் இப்படித்தான்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

அது நேற்று.

ஆவுடையம்மாள் குருவிடம் போனாள். குரு அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவர். இவள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

"அம்மா, அந்தப் பெட்டி சரியில்லை. மாத்திரலாமா?"

"மாத்தலாம். என்ன செய்யுது?"

"தங்கச்சி பேசுனா அவ குரலே அவளுக்குத் திரும்பக் கேக்குதாம்."

"உங்களுக்கு?"

"எனக்குக் கண்ணாடி மாதிரி இருக்கு. பத்தடி தள்ளி நின்னாலும் கேக்கு. அப்படின்னா கோளாறு அவ பக்கம், இல்லேன்னா பெட்டியில."

"ஆபீஸ் போனுல யாராவது குறை சொன்னாங்களா?"

"இல்லை. அது முதல் சிம்மு. இது ரெண்டாவது. அதான் சிம்மு ரெண்டையும் மாத்திப் போட்டுப் பார்த்தேன். ஏரியலைத் திருப்பி வச்சேன். ஒயரைப் பிடுங்கித் துடைச்சுச் சொருகினேன்."

குரு சிரித்தார். "நான் வர்றதுக்குள்ள பெட்டியைக் குளிப்பாட்டிடாதீங்க அக்கா."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. மணி ரெண்டரை ஆகுது."

"சிம்மை இருந்தபடியே போட்டுட்டு வாங்க. மூணு மணிக்குச் சமையற்கட்டுக்கு வர்றேன்."

ஆவுடையம்மாள் சிம்மைப் பழையபடி போட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் மதியத்துக்கு முருங்கைக்கீரை. முறத்தில் மலைபோலக் குவிந்து கிடந்தது. போன் இருந்த மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உருவத் தொடங்கினாள். கை வேலை செய்தாலும் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில் குரு வந்தார். அவர் கையில் ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை.

"மாடிக்குப் போகலையாம்மா?"

குரு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது.

ஆவுடையம்மாள் வழக்கம்போல எட்டி, ஈரக்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கப் போனாள். சத்தத்தை முழுசாக வைத்து, மேடையில் பேச விட்டு, கீரை உருவிக்கொண்டே கேட்பாள். நடுவில் அடுப்படியைப் பார்த்து ஒரு அதட்டல் போடுவாள். அவள் போன் பேசுவது எப்போதும் அப்படித்தான்.

விரல் பொத்தானைத் தொடுமுன் குரு ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். முறத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு கீரை உருவ ஆரம்பித்தார்.

"ஐயோ, நீங்க போயி..."

பேசுங்கள் என்று தலையசைத்தார்.

ஆவுடையம்மாள் ரிசீவரைக் காதில் வைத்தாள். கைக்கு வேலை இல்லாதது என்னமோ போலிருந்தது.

"கோமதி."

"யக்கா." அந்தப் பக்கம் அவள் ஒரு தடவை கூப்பிட்டுக் காது கொடுத்தாள். பிறகு, "யக்கா, இப்ப திரும்ப வரலை."

"வரலையா?"

"இல்லை. நல்லா இருக்கு." கோமதியின் மூச்சுகூடக் கேட்டது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் இத்தனை நாளா கூப்பிடுதேன். வெள்ளிக்கிழமை எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லை. உன்னைக் கேக்கவும் பயமா இருக்கு."

ஆவுடையம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்கிட்ட என்னளா பயம்? வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துருவேன். பூண்டுக் குழம்புப் பொடி இடிச்சுக் கொண்டாறேன். வேற என்ன வேணும், சொல்லு."

"நீ வா, போதும்."

அதற்குப் பிறகும் அரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு வருஷத்துப் பேச்சு. ஒரு தடவை ஆவுடையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்படியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போனை வைத்தபோது முறம் காலியாகியிருந்தது. குரு காம்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம்மா. நான் போயிட்டு வரணும்."

"போயிட்டு வாங்க. சமையலை நாங்க பார்த்துக்கிறோம்."

ஆவுடையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"காலையிலேயே பெட்டியைச் சரி பண்ணிட்டீங்களாம்மா?"

"நான் அதைத் தொடவே இல்லை, அக்கா."

"அப்ப இத்தனை நாளும் அவ சொன்னது ஏன் அவளுக்கே திரும்பிப் போச்சு?"

குரு ஸ்பீக்கர் பொத்தானை விரலால் தொட்டுக் காட்டினார். உருவிய கீரையை அள்ளி அவள் கையில் வைத்தார்.

"இங்கே யாரும் வாங்கிக்கலையே."