நாரை கொண்டுவந்த பதில்

ஏரியூர் அரசர் வீரகேசருக்கு இரண்டு பொழுதுபோக்குகள். பாட்டுக் கேட்பது ஒன்று. பாடியவர் பதில் தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பது மற்றொன்று.

ஒரு நாள் மாட்டிக்கொண்டவர் உலகுடையாள் என்ற புலவர். உப்பு வண்டியோடு வடக்கே போன அவர் கணவன் ஏழு ஆண்டாகத் திரும்பவில்லை. அவனுக்கு ஒரு நாரையைத் தூது விட்டுப் பாடினார். அவையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அரசர் மட்டும் மீசையைத் தடவினார்.

"நாரை போயிற்றா?"

"போயிற்று, அரசே."

"பதில் எங்கே?"

உலகுடையாள் விழித்தார். அரசருக்குப் பரம திருப்தி.

"பௌர்ணமி அவைக்குள் பதில் வரவேண்டும். இல்லையென்றால் பொய்த்தூது விட்ட குற்றம். நீர் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

வெளியே வந்ததும் உலகுடையாள் அரசவை விகடகவி சாத்தப்பனைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் போவதில் ஒன்றுமில்லை. அவர் திரும்பி வந்தால் என்னை எங்கே என்று தேடுவார்?"

சாத்தப்பன் அன்றே வழி தேடத் தொடங்கினார்.

நாட்கள் ஓடின. பௌர்ணமிக்கு முதல் நாள் வரை யோசனை பிறக்கவில்லை. வயிறு நிறைந்தால் மூளை விழிக்கும் என்பது சாத்தப்பனின் கட்சி. அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனார். அங்கே சமையற்காரன் முத்திருளன் ஒரு பெரிய பறவையின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"நாரைங்க சாமி. மழை விட்டதும் வடக்கேருந்து வந்து ஏரியில இறங்குதுங்க. இறங்கின அன்னைக்கே வலைதான். ராஜாவுக்குத் தினமும் நாரைக் குழம்பு இல்லாம சோறு இறங்காது."

சாத்தப்பன் சாப்பிடாமலே சிரித்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் அவை கூடியது. "பதில் வந்ததா?" என்றார் அரசர்.

உலகுடையாள் வாய் திறக்குமுன் சாத்தப்பன் முன்னே வந்தார். "வந்தது, அரசே. வடக்கிலிருந்து நாரை நேராக நம் ஏரிக்கு வந்தது. அங்கிருந்து அரண்மனைக்கும் வந்தது."

"நான் பார்க்கவில்லையே!"

"பார்த்தீர்கள். மிளகு கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொன்னீர்களாம்."

அவையில் யாரோ இருமினார்கள்.

"எதிரியின் தூதனுக்கும் விருந்து வைத்து அனுப்பும் வம்சம் இது. நாம் தூதரையே விருந்தாக வைத்துவிட்டோமே, அரசே!"

"உளறாதே சாத்தப்பா! நாரை எங்கேயாவது தூது போகுமா? அது வெறும் பறவை!"

"அப்படியா? வெறும் பறவையிடம் பதில் கேட்டு ஒருவரை நாடு கடத்துவானேன்? தூதர் என்றால் கொன்ற குற்றம் உங்களுடையது. பறவை என்றால் புலவர்மேல் குற்றமே இல்லை. எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்."

இந்த முறை விழித்தவர் அரசர். பிறகு அரியணை அதிரச் சிரித்தார். தண்டனையை ரத்து செய்தார்.

"அம்மா, பரிசாக என்ன வேண்டும், கேளும்."

"ஏரியில் வலை வேண்டாம், அரசே," என்றார் உலகுடையாள். "அடுத்த நாரையாவது வந்து சேரட்டும்."

"அன்றாடம் வலை போடுகிறவனை இன்றே நிறுத்துங்கள்," என்றார் அரசர். பிறகு சாத்தப்பனை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனப்பா, ஒருவேளை அது நிஜமாகவே தூதுதான் என்றால்... என்ன பதில் கொண்டுவந்திருக்கும்?"

"என்னைக் கேட்டால் எப்படி, அரசே? எலும்புகூட மிச்சம் வைக்காமல் மென்றவர் நீங்கள்தானே!"