கடைகால் ஓரத்துத் துளசிப் பாத்தி

நெடியபெருமாள் குடிகொண்ட நல்லேரியில் யார் வீடு கட்டினாலும் அதற்குக் கடைகால் தோண்டுபவர் தாதனார்தான். பகலெல்லாம் மண்வெட்டியும் கூடையுமாக உழைப்பார். விடிந்ததும் பெருமாளுக்கு ஒரு துளசி மாலை கொடுக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஊருக்கே அடித்தளம் போட்டவருக்கு ஒரு செடி வைக்கச் சாண் நிலம் இல்லை. வேலியோரங்களில் அலைந்துதான் துளசி பறித்து வந்தார்.

வரதச் செட்டியாரின் புது வீடு எழுந்தது. குடிபுகும் நாளில் வேலையாட்களுக்கு வேட்டி கொடுப்பது வழக்கம். தம் முறை வந்தபோது தாதனார் கை நீட்டவில்லை.

"வேட்டி வேண்டாங்க. கீழ்ச்சுவர் ஓரமா நாலு முழ இடம் குடுங்க. பெருமாளுக்குத் துளசி வெச்சுக்கிறேன்."

செட்டியாரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஊர் முழுக்கக் கரிசல். தாதனார் தொலைவிலுள்ள மலையடிவாரத்திலிருந்து செம்மண் சுமந்து வந்தார். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பாத்தி கட்டினார். இடையிலும் செம்மண்ணையே போட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வைத்தார். மழையில் சரிவு கரையும். உடனே தட்டிச் சரிசெய்ய வேண்டும். அதையும் தவறாமல் செய்தார். துளசி தழைத்தது. நாள்தோறும் மாலை போயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? செட்டியாரின் மைத்துனர் அவர் காதைக் கடித்தார்.

"தினமும் தண்ணி ஊத்துறான் அத்தான். ஒருநாள் சுவர் படுத்துரும்."

ஐப்பசி மழை தொடங்கியதும் செட்டியாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாத்திக்குப் போகும் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"இனிமே இங்க வராதே. மழை விட்டதும் செடியைப் பிடுங்கிடுவேன்."

"கடைகால் நான் வெட்டினதுங்க. சரிவு நிக்கிற வரைக்கும் சுவருக்கு ஒண்ணும் ஆகாது. அதைத் தட்டிவிட ஆள் வேணும், அவ்வளவுதான். பாத்திக்குச் சொந்தக்காரர் பாத்துக்குவாரு" என்றார் தாதனார். அவர் குரலில் கலக்கமே இல்லை.

நேராகக் கோயில் வாசலுக்குப் போனார். "என்னை உள்ளே விடமாட்டேங்கிறாங்க. உன் துளசி, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் மழை கொட்டியது. மாலை இல்லை, அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

நான்காம் நாள் காலை செட்டியார் கீழ்ச்சுவரைப் பார்க்கப் போனார். தெருவில் முழங்கால் வெள்ளம். சுவரோரத்திலோ சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. சரிவு புதிதாகத் தட்டப்பட்டிருந்தது. மண்ணில் கைத்தடம் பதிந்திருந்தது. ஒரு துளசிகூடச் சாயவில்லை. இடுப்பைத் தடவினார். சாவி அங்கேதான் இருந்தது.

அப்போது கோயில் பட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"செட்டியாரே, இப்பத்தான் சன்னதி திறந்தேன். பெருமாள் வேஷ்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. கையிலயும் காலிலயும் செம்மண்."

அந்த ஊரில் செம்மண் இருந்தது ஒரே இடத்தில். செட்டியார் கண்ணீர் வழியத் தம் கையாலேயே துளசி பறித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

"தாதரே, தெரியாம பண்ணிட்டேன். மாலையைக் கட்டுங்க."

தாதனார் கட்டினார். பட்டர் அதைச் சாத்திவிட்டு, செம்மண் படிந்த அந்த வேட்டியைக் களைந்து வந்து தாதனார் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். செட்டியார் கொடுத்த வேட்டியை வேண்டாமென்றவர், இதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெருமாளையே சித்தாளாக வைத்து வேலை வாங்கிய தாதனாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.