பஹ்ராம் கொண்டுவந்த இரண்டு ஓடுகள்

“உஸ்தாத், நான் ஊருக்குப் போகலாமா? எல்லாம் கற்றாகிவிட்டது!”

பஹ்ராமுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சூளையிலிருந்து ஓடியே வந்திருந்தார்.

காஷான் நகரத்தில் சுவர் ஓடு செய்யும் உஸ்தாத் ஃபர்ரூக்கிடம் அவர் சேர்ந்து ஏழு வருஷம். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். அவருடைய ஊரில் பள்ளிவாசல் கட்டி, முன்சுவரை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருந்தார்கள். பஹ்ராம் வந்து ஓடு பதிப்பார் என்று ஊரே காத்திருந்தது. அந்த நினைப்பில் மனுஷனுக்குச் சரியான தூக்கமே கிடையாது.

“என்ன கற்றீர், ஓய்?”

பஹ்ராம் இரண்டு ஓடுகளை நீட்டினார். எட்டு முனை நட்சத்திரம், நீல மெருகு, நடுவில் புடைத்து நிற்கும் மாதுளம்பூ.

“ஒன்று நீங்கள் செய்தது. ஒன்று நான் செய்தது. எது யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம்!”

உஸ்தாத் பூவைப் பார்க்கவே இல்லை. ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தார்.

மேலே இருந்தது சுற்றிலும் அரை விரல் சிறியது.

“இது உம்முடையது.”

பஹ்ராமின் முகம் தொங்கிப்போனது.

“எப்படிச் செய்தீர்?”

“உங்கள் ஓட்டின் மேல் மண்ணை அழுத்தி அச்சு எடுத்தேன். அச்சைச் சுட்டேன். அதற்குள் மண்ணை அழுத்தி ஓடு எடுத்தேன். அதையும் சுட்டேன்.”

“சுட்டால் மண் சுருங்கும் என்று உமக்குத் தெரியாதா?”

நன்றாகத் தெரியும். ஊருக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

“சரி. நாளைக்கு உமக்கும் ஒரு சீடன் வருவான். அவன் எதிலிருந்து அச்சு எடுப்பான்?”

“என் ஓட்டிலிருந்து.”

“அவனுடைய சீடன்?”

பஹ்ராம் இரண்டு கைகளையும் ஓட்டின் அகலத்துக்கு விரித்தார். குறுக்கினார். இன்னும் குறுக்கினார். கடைசியில் கையும் கையும் ஒட்டிக்கொண்டன.

“யா அல்லாஹ்! பூவே இல்லாமல் போய்விடுமே!”

உஸ்தாத் சிரித்தார்.

“சிரிக்காதீர்கள் உஸ்தாத்! உங்கள் அச்சையே கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு போய் ஊரார் முகத்தில் எப்படி முழிப்பேன்?”

“அந்த மாதுளம்பூ என் வீட்டு வாசலில் பூத்தது, ஓய். உம்ம ஊரில் என்ன பூக்கும்?”

“எங்கள் ஊரிலா? குங்குமப்பூ! குளிர் தொடங்கினால் போதும், வயல் முழுக்க ஊதா. ஒவ்வொன்றுக்கும் ஆறு இதழ். நடுவில் மூன்று சிவப்பு நூல், இப்படி வளைந்து...”

வளைத்துக் காட்டிய விரல் அப்படியே நின்றது.

“மண்! உஸ்தாத், ஈர மண் எங்கே?”