தும்பைக் கரடியின் குறட்டை

ஒரு காட்டில், மழை பிடித்தால் பத்து நாள் விடாத ஒரு காட்டில், நனையாத குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பகலில் தூங்கி இரவில் இரை தேடும் நான்கு பேர் அதில் குடியிருந்தார்கள்: தீர்ப்புச் சொல்லும் ஆந்தை, வம்பு பேசும் மரநாய், மிடுக்கான ஆண்பன்றி, எதைச் சொன்னாலும் திருப்பிக் கேள்வி கேட்கும் தும்பை. தும்பை ஒரு பெண்கரடி. கருத்த மார்பில் தும்பைப் பூ மாதிரி வெள்ளையாக ஒரு கோடு, அதனால் அந்தப் பேர்.

குகைக்கு ஒரு சட்டம் உண்டு, குழந்தைகளே. தூங்கும்போது சத்தம் போட்டால் வெளியே! ஏனென்றால் கீழே பள்ளத்தில் ஒரு சிறுத்தை காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தது.

ஒரு மாலை ஆந்தை தொண்டையைச் செருமியது.

“ஏம்மா தும்பை, நீ குறட்டை விடுகிறாய்.”

“நானா? எப்போது?”

“தூங்கும்போது.”

“தூங்கும்போது நான் தூங்கத்தானே செய்கிறேன்? கூடவே இன்னொரு வேலையும் எப்படிச் செய்வேன்?”

மரநாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “அக்கா, நீ விடுகிற குறட்டையில் கூரையிலிருந்து வௌவால் உதிர்கிறது!”

தும்பைக்குத் தலை சுற்றியது. பொய் சொல்கிறார்களா? நிஜமென்றால் தன் காதுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மறுநாள் பகல் முழுக்க விழித்தே கிடந்தது.

குறட்டை வந்தது. ஆனால் தும்பையிடமிருந்து வரவில்லை. பாறைக்குப் பின்னால் பன்றி படுத்திருந்த பக்கமிருந்து வந்தது. தும்பை எட்டிப் பார்த்தது. பன்றி வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தது. நாக்கு உள்ளே சரிந்து, தொண்டைச் சதை தொளதொளவென்று ஆடியது.

மாலையில் தும்பை சொன்னது: “பகல் முழுக்கக் கேட்டேன். நான் குறட்டையே விடவில்லை.”

“தூங்கினாயா?” என்றது ஆந்தை.

“தூங்கினால் எப்படிக் கேட்பது?”

குகையே சிரித்தது. தும்பைக்கு மட்டும் எதற்குச் சிரிப்பு என்று விளங்கவில்லை. “ஆனால் பன்றி அண்ணன் விட்டாரே! அவரை ஏன் யாரும் கேட்கவில்லை?”

சிரிப்பு நின்றது.

“அது குறட்டை இல்லை, அம்மா. காவல்!” என்றது ஆந்தை. “அண்ணன் தூக்கத்திலும் உறுமிச் சிறுத்தையை விரட்டுகிறார்.”

“அப்படியானால் என்னுடையது?”

“உன்னுடையது சிறுத்தையைக் கூப்பிடும்.”

“அதே சத்தம் அங்கே விரட்டும், இங்கே கூப்பிடுமா? நான் பார்த்தேன், ஆந்தையாரே. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது. மூச்சு முட்டி மோதிக்கொண்டு வருகிறது. அதில் காவல் எங்கே இருக்கிறது?”

பன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

“வாய் நீளம்!” என்றது மரநாய்.

“நாளை பொழுது சாய்ந்ததும் நீ கிளம்பு,” என்று ஆந்தை கண்ணை மூடியபடியே தீர்ப்புச் சொன்னது.

வெளியே ஓடை கரை மீறி ஓடியது. எங்கே போவது? விடியும்வரை யோசித்த தும்பை, இரண்டு நாள் தூக்கமும் சேர்ந்து அழுத்த, அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டது.

விழித்தபோது மாலை. ஆந்தை சிறகடித்துக்கொண்டிருந்தது.

“அடடா, இன்றைக்கு அண்ணன் போட்ட காவல்! சிறுத்தை வாசல்வரை வந்துவிட்டது. அந்த உறுமலைக் கேட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது பார்!”

“என்ன கம்பீரம்!” என்றது மரநாய். “கரடியக்கா சத்தமே காணோம். பயம் வந்ததும் குறட்டை தன்னால் நின்றுவிட்டது!”

தும்பை எழுந்து வாசலுக்கு நடந்தது. எதிரே சொட்டச் சொட்ட நனைந்தபடி பன்றி வந்தது. மூக்கெல்லாம் சேறு. “அண்ணன் போட்ட காவலே காவல்!” என்று மரநாய் கூவியது.

“காவலா? நானா?” என்றது பன்றி. “காலையில் நீங்கள் கண் அசந்ததுமே கிழங்கு தோண்டப் போய்விட்டேனே. ஓடையில் வெள்ளம். இவ்வளவு நேரமும் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.”



தும்பை பன்றியைப் பார்த்தது, ஆந்தையைப் பார்த்தது. “அப்படியென்றால் நான் சிறுத்தையைக் கூப்பிட்டேனா, விரட்டினேனா? யாராவது சொல்லுங்களேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.”

மரநாய் வாலை நக்கத் தொடங்கியது. ஆந்தை கழுத்தை முழுசாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. “மழை விடவில்லை,” என்றது மெதுவாக. “எல்லாரும் இங்கேயே இருக்கலாம்.”

தும்பைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே மறுநாள் மல்லாந்து படுத்தது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு குறட்டை, அந்தப் பக்கம் ஒரு குறட்டை. எது யாருடையது என்று ஆந்தை வாய் திறக்கவே இல்லை.

நீதி: ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்துப் பேர் மாற்றுகிறவர், விழித்திருந்தாலும் தூங்குகிறவரே.