நடுப் பங்கு

ஒரு சாண் நிலம்கூடக் குறையாமல் சரிபங்கு கொடுத்தே ஒருத்தியை ஏமாற்ற முடியுமா, சொல்லுங்கள்?

பூவாயிக்கு ஓர் அண்ணன் செங்கோடன், ஒரு தம்பி மாரப்பன். அப்பா விட்டுப்போன வயல் சரிவக வடிவம். வாய்க்கால் ஓரம் நீளமான பக்கம். நேர் எதிரே பாறை ஓரம், நீளத்தில் அதில் சரிபாதி. செங்கோடன் வாய்க்கால் ஓரத்தின் நட்டநடுவில் முளை அடித்து, பாறை ஓரத்தின் இரண்டு மூலைக்கும் கயிறு இழுத்தான். மூன்று முக்கோணம். மூன்றும் ஒரே அளவு.

"மொதல்ல நீ காலை வை, அம்மிணி" என்றான். உடன்பிறந்தவள் கால் வைத்த பிறகுதான் ஆண்பிள்ளைகள் பங்கைத் தொடுவது அவர்கள் வழக்கம்.

பூவாயி யோசிக்கவே இல்லை. புருஷனை இழந்தவள். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி இருந்தால் என்ன பயம் என்று நடு முக்கோணத்தில் போய் நின்றாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையும் பாசம் என்றே நினைத்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்றுதான் புரிந்தது. அவள் பங்கு வாய்க்காலைத் தொடுவது அந்த முளை அடித்த இடத்தில் மட்டும். இரண்டு வரப்பும் அங்கே முட்டிக்கொண்டு நின்றன. மடை திறக்கக் கையகல இடமில்லை. மழையை நம்பி விதைத்த கம்பு வாடத் தொடங்கியது.

"உன் வயல் வழியா ஒரு ஓடை வெட்டிக்கட்டுமா அண்ணா?"

"வெட்டுனா எனக்குக் குறையுமில்ல? சமமாத்தான பிரிச்சோம்! நடுவுல போய் நின்னது நீயா, நானா?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாரப்பன் திரும்பாமலே சொன்னான்: "அண்ணன் சொல்றது நாயந்தானக்கா."

அளவும் குறையவில்லை, தேர்ந்தெடுத்ததும் அவளே. அப்படியானால் அண்ணன் செய்தது சரியா? யாருக்கும் நிலம் குறையாமல், மூவருக்கும் மடை கிடைக்கும்படி அந்த வயலைப் பிரிக்கவே முடியாதா?

முடியும். ஆகவே அவன் செய்தது சரியில்லை. அண்ணன் முக்கோணம் அப்படியே இருக்கட்டும். மற்ற இரண்டையும் ஒட்டினால் ஓர் இணைகரம். அதை மூலைக்கு மூலை வெட்டியதுதான் வினை. பாறை ஓரத்தின் பாதியிலிருந்து தம்பியின் வாய்க்கால் ஓரத்தின் பாதிக்கு வரப்புப் போட்டால் இரண்டு சமபங்கு. இரண்டுக்கும் மடை உண்டு. அவள் நடுவிலேயே இருக்கலாம். அடுப்புச் சாம்பலில் கோடு கிழித்துக் கிழித்து பூவாயி இதைக் கண்டுபிடித்தபோது கம்பு பாதி கருகியிருந்தது. தம்பி வாசலில் போய் நின்றாள்.

"உனக்கு ஒரு பிடி மண்ணு குறையாது, மாரப்பா. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற அந்த வரப்பை மட்டும் மாத்திப் போடுடா."