மூச்சுப் படாத இடம்

"ஆள் மூச்சுப் படாத இடமா ஒண்ணு வேணும், சாமி."

மலையடிவாரத்து மடத்தின் வாசலில் நின்றபடியே வடிவு கேட்டாள். உள்ளே வரவில்லை.

மடத்தைப் பார்த்துக்கொண்ட சாமியம்மா அவளைவிட வயதில் இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யார் மூச்சு உங்க மேல படக் கூடாது?"

"என் மூச்சு, சாமி. மத்தவங்க மேல."

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தார்.

வடிவு சொன்னாள். மகள் கனிக்கு ஏழு வயது. பிறக்கும்போதே எச்.ஐ.வி. அப்பா இல்லை. போன மாதம் நிமோனியா வந்து, பிழைத்து எழுந்தாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் வீட்டிலிருந்த எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தார்கள். நிமோனியாவைக் கொண்டுவருகிற கிருமி வடிவின் மூக்கில் இருந்தது. அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நிறையப் பேர்கிட்ட இருக்குமாம். வருமாம், போகுமாம். யார்கிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியாதாம். தடுப்பூசி போட்டாச்சு, மாத்திரையை விட்டுராதீங்க, பிள்ளையை ஒதுக்கிராதீங்கன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"மொதல்ல என் ரத்தத்துலருந்து பிள்ளைக்குப் போச்சு. இப்ப என் மூச்சுலருந்துமா, சாமி?"

சாமியம்மா எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை யார்கிட்ட இருக்கு?"

"என் தங்கச்சி பகவதிகிட்ட. அவ மூக்குல ஒண்ணும் இல்ல."

"நாளைக்கும் இருக்காதா?"

வடிவு தலை குனிந்தாள்.

கிணற்றுக்கு அப்பால் ஓர் அறை இருந்தது. சாமியம்மா அதைத் திறந்துவிட்டார்.

சோறு வாசலில் வைக்கப்பட்டது. வைத்தவர் நிற்கவில்லை. மடத்துக்கு வந்துபோனவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வடிவு இருமினாள். என்ன என்று கேட்க ஆளில்லை. பொழுது சாய்ந்தால் தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்டது. தூக்கத்தில் கை பக்கத்தில் துழாவும். வெறும் தரை.

சில நாள் பொறுத்தாள். பிறகு, சாமியம்மா கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த கிணற்றடிக்கு வந்தாள்.

"ஒருத்தரும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க, சாமி."

"நீங்க கேட்ட இடம் அதுதானே."

வடிவு அழுதாள். சாமியம்மா அழவிட்டார். பிறகு மடத்து போனை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் போடுங்க."

"நான் பேசுனா பிள்ளை அழும்."

"பேச வேண்டாம். கேளுங்க."

பகவதிதான் எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கா. காலைலருந்து சுருண்டு படுத்துக் கிடக்கா. உன் ஏக்கம்தான், வேற என்ன? இந்தா, கொடுக்கேன்."

"கனி..."

வடிவு போனைக் காதோடு அழுத்தினாள்.

"கனி, அம்மாடா."

பிள்ளை பேசவில்லை. கோபம். ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

வடிவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சாமியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவின் முகம் மாறியது.

"சித்திகிட்ட கொடு. பகவதி! அவ சட்டையைத் தூக்கிப் பாரு. விலா உள்ள இழுக்குதா?"

அந்தப் பக்கம் துணி சரசரத்தது.

"ஆமாக்கா. இழுக்குது. நான் பாக்கலயே..."

"ஆட்டோ கூப்பிடு. நேரா நம்ம டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போ. இப்பவே. நான் அங்க வந்துருதேன்."

வடிவு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிள்ளை பேசிச்சா?" என்று கேட்டார் சாமியம்மா.

"இல்ல."

"பிறகு எப்படித் தெரிஞ்சுது?"

"மூச்சு வேகமா இருந்துச்சு. போன தடவையும் இப்படித்தான். பக்கத்துல படுத்திருந்தேன், அதான் எனக்கு..."

வடிவு பாதியில் நிறுத்தினாள்.

அறைக்குப் போகவில்லை. செருப்பைக்கூடத் தேடவில்லை. வாசலை நோக்கி ஓடினாள். படியில் கால் வைத்தவள் சட்டென்று நின்று திரும்பினாள்.

"சாமி... என் மூச்சு அப்படியேதானே இருக்கு?"

சாமியம்மா கீரைக்கட்டைப் பிரித்தார்.

"அதோடயே போங்க."